விசில் டீச்சர் தீர்த்த கணக்கு

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியைக்கும் சேர்த்து ஒரே அறைதான். பாதி அறையில் என் பெயின்ட் டப்பாக்களும் காயப்போட்ட படங்களும் இருக்கும். மீதிப் பாதியில் அவருடைய பந்துகள், கயிறுகள், அளவு நாடா, தடை ஓட்டத்துக்கான மரச்சட்டங்கள். பதினோரு வருஷம் அந்த அறையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் விசில் டீச்சரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அவர் செய்ததெல்லாம் சரி என்று வாதாட வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விசில் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் தடை தாண்டி ஓடியவர். "எட்டு எட்டு வச்சா முதல் தடை தம்பி, அப்புறம் மும்மூணு எட்டு. ஒண்ணு கூடினாலும் மூக்கு உடைஞ்சிடும்" என்பார். எண்கள் அவருக்குக் காலில்தான் இருந்தன. தாளில் அவ்வளவாக வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை முப்பத்தாறு மார்க்கில் கரையேறியவர். இதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை, சொல்லித் திரிந்ததும் இல்லை.

கணக்குத் துறைத் தலைவருக்கு நூறு சார் என்று பெயர். "நூத்துக்கு நூறு வாங்கலேன்னா அது கணக்கே இல்ல" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வாங்கிக்கொண்ட பெயர் அது. மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. அவர் வகுப்பில் ஊசி விழுந்தால்கூடச் சத்தம் கேட்கும். தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளை முழுவதும் அவருக்குப் போய்விடும். அக்கா மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார், பிள்ளைகள் வரமாட்டார்கள். அதையெல்லாம் அவர் பொறுத்துப் போனார்.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து புதுத் திட்டம் வந்தது. எண்ணறிவு கணக்குப் பாடத்துக்கு மட்டும் சொந்தமில்லை, எல்லாப் பாடத்திலும் அதைக் கற்பிக்க வேண்டும், எல்லா ஆசிரியரும் தத்தம் பாடத்தில் அதை மதிப்பிட்டு மார்க் போட வேண்டும் என்றார்கள். புவியியலில் வரைபட அளவை, வரலாற்றில் ஆண்டு வரிசை, என் வகுப்பில் படத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும். விளையாட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, மூன்று தடவை நீளம் தாண்டி, அளந்து, சராசரி காண்பது. மற்றொன்று, ஓடி முடித்ததும் முப்பது நொடி நாடித் துடிப்பை எண்ணி, இரண்டால் பெருக்கி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எழுதுவது. ஏழாம் வகுப்பில் முதலில் தொடங்கச் சொன்னார்கள். ஐந்து பிரிவு, இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள். திட்டத்துக்குப் பொறுப்பாளர் நூறு சார்.

முனகாமல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் அக்கா ஒருவர்தான். மணல் குழியின் ஓரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, "தாண்டுறதுக்கு முன்னாடி சொல்லு, எவ்வளவு தூரம் போவ? அப்புறம் அளந்து பாரு. எவ்வளவு புளுகினன்னு தெரிஞ்சிடும்" என்பார். ஒரு நாள் ஒரு பெண் குழந்தை சராசரியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"ரெண்டு மீட்டர் நாப்பத்தி மூணுன்னு வருது டீச்சர். அந்தத் தூரத்த நான் ஒரு தடவகூடத் தாண்டல. எப்படி அது என் தூரம் ஆகும்?"

அக்கா ஓவென்று சிரித்துவிட்டார். பிறகு அந்த மூன்று அடையாளத்தையும் மணலில் காட்டி, கூடுதலாகப் போனதை வெட்டிக் குறைந்ததில் நிரவி, கயிறு வைத்து விளக்கினார். வகுப்பு முடிய மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அன்றைக்குத்தான் சராசரி புரிந்தது.

அரையாண்டில் அக்கா போட்ட மார்க்குகள் நன்றாக இருந்தன. அதே பிள்ளைகள் நூறு சார் வைத்த எழுத்துத் தேர்வில் சராசரிக் கேள்விக்குத் திணறினார்கள். மணலில் வந்தது தாளில் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் வந்திருக்கும். நூறு சார் அப்படி யோசிக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில், முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று அறிக்கையை வாசித்தார்.

"விளையாட்டு ஆசிரியை கொடுத்த எண்கள் அளந்து எழுதியவை அல்ல. உட்கார்ந்த இடத்தில் ஊகித்து எழுதியவை."

அக்கா எழுந்தார். "ஒவ்வொரு பிள்ளையையும் அளந்துதான் சார் எழுதினேன். நோட்டு இருக்கு."

"நோட்ட வீட்டுல உக்காந்தும் எழுதலாம் டீச்சர்" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "பத்தாவதுல ரெண்டாவது தடவ முப்பத்தாறு வாங்கினவங்ககிட்ட எண்ணறிவ ஒப்படைச்சது நம்ம தப்பு."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. அக்காவின் பழைய மார்க் என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது, பணிப்பதிவேட்டில்தான் இருந்தது. நூறு சார் அதைத் தேடிப் போய்ப் படித்திருக்கிறார் என்பது அந்த நிமிஷம் எல்லோருக்கும் புரிந்தது. தலைமையாசிரியை அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் அக்காவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. அது பதிவேட்டிலும் ஏறியது. மதிப்பிடும் வேலை பறிபோயிற்று. மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பட்டறையில் ஃபிட்டர். கலகலப்பான மனிதர், யாரோடும் பகை வேண்டாம் என்பார். எச்சரிக்கை வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். "விட்டுத் தள்ளும்மா, நாய் குரைச்சா சூரியனுக்கு என்ன" என்றார்.

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "நீங்க ஒரு மயிரிழை கூடிப்போன துண்ட விடுவீங்களா?"

"அது இரும்பு."

"இது நானுங்க."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் ஆறியிருக்கும். அவர் அதை அடைகாத்தார். நூறு சாரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுவார், வழிவிட்டு நிற்பார். அறைக்கு வந்ததும் பந்துக்குக் காற்றடிப்பார். தேவைக்கு மேல் அடிப்பார். அந்த மாதம் இரண்டு பந்து வெடித்தது.

அடுத்த வருஷம் நூறு சார் ஒரு காரியம் செய்தார். மற்ற ஆசிரியர்களின் மார்க் நம்பத்தக்கதாக இல்லை, எல்லாப் பாடத்தின் எண்ணறிவையும் நானே மதிப்பிடுகிறேன் என்று தலைமையாசிரியையிடம் வாங்கிக்கொண்டார். எங்களுக்கெல்லாம் சுமை இறங்கிய சந்தோஷம். புதிதாக வந்த ஏழாம் வகுப்பிலும், என்ன ராசியோ, அதே இருநூற்றுப் பதினான்கு. மூன்று நாளில் முடித்துவிட்டதாகச் சொன்னார். வட்டாரத்திலேயே எங்கள் பள்ளிதான் முதலிடம் என்று செய்தி வந்தது. பாராட்டு விழாவுக்கு முன், அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து தாள்களைச் சரிபார்த்துப் போவார் என்றார்கள்.

தாள்களை வைக்க இடமில்லாமல் அலுவலக உதவியாளர் ஐந்து கட்டுகளையும் எங்கள் அறையில், பந்துக் கூடைக்கு மேல் இருந்த அலமாரியில் கொண்டுவந்து அடுக்கினார். தேனீ தேடிப் போகவேண்டிய பூ தானாகக் கூட்டுக்குள் வந்து விழுந்த மாதிரி.

அக்கா அன்றைக்கே தொடவில்லை. மூன்றாம் நாள் முதல் கட்டைப் பிரித்தார். ஒரு குழந்தைக்கு ஒரு தாள், பாடவாரியாகக் கட்டங்கள், அதில் மதிப்பிடுபவர் குறித்த குழந்தையின் விடை, பக்கத்தில் மார்க்.

"எத தேடுறீங்க அக்கா?"

"பூஜ்யமும் அஞ்சும். அளக்காம எழுதுறவன் கை தானா அங்கதான் போகும். எத்தன போட்டியில நடுவரா நின்னிருக்கேன், சோம்பேறி எழுதின தூரம் எல்லாம் அஞ்சு, பத்துலதான் முடியும்."

ஆனால் இந்தத் தாள்களில் பூஜ்யமும் ஐந்தும் அரிதாகவே இருந்தன. எண்கள் கலைந்து, உண்மையாக அளந்தவை போலவே இருந்தன. அக்கா முகம் தொங்கிப்போயிற்று. கட்டைக் கட்டி மேலே வைத்தார். நாலு நாள் அதைத் தொடவே இல்லை.

ஐந்தாம் நாள் மதியம், குழாயடியிலிருந்து கை ஈரம்கூடத் துடைக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "தம்பி, அந்த நாடிக் கட்டத்த மட்டும் வாசிங்க."

வாசித்தேன். "நூத்திப் பதினேழு. தொண்ணூத்தி மூணு. நூத்தி நாலு. நூத்தி ஒண்ணு. எம்பத்தி ஒம்பது…"

"போதும். முப்பது நொடி எண்ணி ரெண்டால பெருக்கினா ஒற்றப்படை எப்படி வரும்?"

எனக்கு மண்டையில் உறைக்க ஒரு நொடி ஆயிற்று. எந்த எண்ணை இரண்டால் பெருக்கினாலும் இரட்டைப்படைதான் வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நூறு சாருக்குத் தெரியாதா? தெரிந்ததுதான் வினை. பூஜ்யமும் ஐந்தும் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்கும் தெரியும். அதைத் தவிர்த்து, நிஜம் போலத் தோன்றும் எண்களாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் புத்தியே அவருக்குப் பள்ளம் வெட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் இருவரும் ஐந்து கட்டையும் எண்ணினோம். இருநூற்றுப் பதினான்கில் நூற்றொன்பது ஒற்றைப்படை. நூற்றொன்பதுக்கும் முழு மார்க்.

அக்கா அவசரப்படவில்லை. குழாயடியில் தினமும் இரண்டு பிள்ளைகளிடம், பேச்சோடு பேச்சாக, "நூறு சார் உனக்கு நாடி எண்ணச் சொல்லிக் கொடுத்தாராடா?" என்று கேட்பார். கும்பலாகக் கேட்டால் வதந்தியாகிவிடும் என்று தினம் இரண்டே பேர். யாருக்கும் நாடி எண்ணவே இல்லை. கணக்குக் கேள்விகளை மட்டும் வகுப்பில் வைத்து எழுதவைத்திருக்கிறார். மற்ற பாடக் கட்டங்களை அறையில் உட்கார்ந்து நிரப்பிவிட்டார். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஆளால் மூன்று நாளில் ஆகிற காரியமா? வீம்புக்கு ஏற்றுக்கொண்டார், முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தலைமையாசிரியை அம்மாகிட்ட போய் ரகசியமா சொல்லிடுங்க அக்கா" என்றேன்.

"என்னப் பத்தி ரகசியமாவா சொன்னாரு?"

"பள்ளிக்கூடத்துக்குத்தானே கெட்ட பேரு?"

"எனக்குப் பேரு கெட்டப்ப பள்ளிக்கூடம் எங்க இருந்துச்சு? நீங்க எங்க இருந்தீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆய்வாளர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடினோம். நூறு சார் புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். தாள் கட்டுகளைக் கொண்டுவரும் வேலை அக்காவுக்கு. எங்கள் அறையில்தானே இருந்தன. ஐந்தையும் மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாங்களா? எங்க சார் எல்லாத்தையும் தானே நேர்ல நின்னு பண்ணினாரு. அத நீங்க அவசியம் எழுதணும்" என்றார்.

நூறு சாருக்கு ஆச்சரியம். ஆனாலும் புகழ்ச்சி கசக்குமா? "கடமைதானே" என்று சிரித்தார்.

"சார், எனக்கும் தெரிஞ்சுக்கணும். நாடி எண்ணினது முப்பது நொடியா, முழு நிமிஷமா?"

"முப்பது நொடி டீச்சர். ரெண்டால பெருக்கணும். அதுதான் விதி."

"ஒரு பிள்ளைக்குக்கூட மாத்தலியா சார்?"

"ஒரு பிள்ளைக்கும் மாத்தல. கடிகாரத்தோட பக்கத்துல நான் நின்னேன்."

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். அக்கா அவர் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு முதல் கட்டின் மேலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைத்தார்.

"நூத்திப் பதினேழு ஐயா. இது தொண்ணூத்தி மூணு. இது நூத்தி ஒண்ணு. ரெண்டால பெருக்கி எப்படி ஐயா இது வரும்? நான் முப்பத்தாறு மார்க்கு. எனக்கு விளங்கல."

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாள்களைத் தானே புரட்ட ஆரம்பித்தார். நூறு சார் காது மடல் சிவந்தது.

"பிள்ளைங்க… தப்பா பெருக்கியிருக்கலாம்."

இதற்காகத்தான் காத்திருந்தார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை.

"தப்பாப் பெருக்கினதுக்கு முழு மார்க் போட்டிருக்கீங்களே சார். நூத்தி ஒம்பது பேருக்கு."

நூறு சார் பையிலிருந்த ஒரு பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஆய்வாளர் இரண்டு வகுப்புகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வந்து, தலைமையாசிரியையைத் தனியே அழைத்தார்.

முதலிடம் போயிற்று. விழா போயிற்று. நூறு சாரிடமிருந்து பொறுப்பு போயிற்று. இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும் புதிதாக மதிப்பிட்டு அனுப்பச் சொன்னார்கள். விளையாட்டுப் பகுதியை நடத்தித் தரும்படி தலைமையாசிரியை அம்மா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா இரண்டு நிபந்தனை வைத்தார். பதிவேட்டில் உள்ள எச்சரிக்கையை அடித்து, அடித்ததைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நூறு சாராக இருக்க வேண்டும். இரண்டும் நடந்தன.

அந்த நான்கு நாளை நான் மறக்கமாட்டேன். சுட்டெரிக்கும் வெயில். மணல் குழியில் நாடாவின் பூஜ்ய முனையைப் பிடிக்கும் வேலை நூறு சாருக்கு. ஒவ்வொரு தாண்டலுக்கும் குனிந்து, பலகையின் விளிம்பில் முனையை வைத்து, எழ வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை. மொத்தம் அறுநூற்று நாற்பத்திரண்டு. மணல் அவர் சட்டை மடிப்பெல்லாம் ஏறிவிட்டது.

"சார், நுனி நகந்திருக்கு. மறுபடி வைங்க" என்பார் அக்கா. மரியாதை ஒரு எழுத்தும் குறையாது.

மூன்றாம் நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழ முடியாமல் மணலில் கை ஊன்றி நின்றார். ஒரு பெண் குழந்தை நாற்காலி எடுக்க ஓடினாள். அக்கா தடுத்தார். "இந்தப் பிரிவு முடியட்டும்மா." இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டுப் பேரும் தாண்டினார்கள். நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் நாடாவை வாங்கியிருக்கலாம். அக்காவுக்குக் கடன்பட்டவன் மாதிரி நின்றேன். அவர் அவமானப்பட்ட அன்று அவருக்காக எழாதவன், இன்று மட்டும் எந்த முகத்தோடு எழுவது?

சாயங்காலம் அறையில் கேட்டேன். "கொஞ்சம் அதிகமாப் போச்சோ அக்கா?"

"ஆமா" என்றார். "நல்லா இருந்துச்சு."

உண்மையான மார்க்குகள் வந்தபோது எங்கள் பள்ளி வட்டாரத்தில் பதினாறாம் இடம். பெற்றோர் சிலர் அக்காவைத்தான் திட்டினார்கள். பிள்ளைகள் வாயில் விழுந்த முதலிடத்தைத் தட்டிவிட்டாராம். தலைமையாசிரியை அம்மாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா எதற்கும் அசரவில்லை. நூறு சார் வருஷக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் ஒரு பள்ளிக்குப் போனார். போகிற அன்று எங்கள் அறை வாசலில் நின்றார்.

"திருப்திதானே டீச்சர்?"

"இன்னும் வரல சார். வந்தா சொல்லி அனுப்புறேன்."

அந்த ஆய்வாளர் அக்காவை மறக்கவில்லை. அடுத்த வருஷம் வட்டாரப் பள்ளிகளில் எண்ணறிவு வகுப்புகளைப் பார்வையிடும் குழுவில் அவரையும் சேர்த்தார். எந்தப் பள்ளி முதலில் என்று கேட்டபோது, நகரத்தின் மறுகோடிப் பள்ளியைச் சொன்னார். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டார். காலையில் கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்து, பாவம் அந்த மனுஷன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். செருப்பை உதறிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"கடைசி பெஞ்சுல நாப்பது நிமிஷம் உக்காந்தேன். கையில படிவம். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு சிக்கினா போதும்னு இருந்தேன்." கைப்பையிலிருந்து படிவத்தின் கார்பன் நகலை எடுத்து என் மேசையில் எறிந்தார். "வாளியும் டம்ளரும் வச்சுப் பின்னம் நடத்தினாரு. தண்ணி ஊத்தி ஊத்தி. கடைசி வரிசையில ஒரு மக்குப் பையன், அவன் எந்திரிச்சு மூணுல ரெண்டு, அஞ்சுல மூணு, இதுல எது பெருசுன்னு சரியாச் சொல்றான் தம்பி."

படிவத்தைப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். கையெழுத்தை ரொம்ப அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது.

"ஒம்பதா?"

"ஒம்பதுதான் வருது. என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டு தடவ கூட்டிப் பாத்துட்டேன்." எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். இன்னும் கோபம் அடங்கவில்லை. "வகுப்பு முடிஞ்சதும் டீ குடிச்சிட்டுப் போங்க டீச்சர்னு வேற கூப்பிட்டாரு."

"குடிச்சீங்களா?"

"அவர் கையால நான் டீ குடிப்பேனா?" என்று கேட்டுவிட்டு, கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்த மைதானத்துக்குப் போனார்.